கல் இல்லாத ஊரில் பிரான்ஸ் நாட்டு பாணி கோவில்! செங்கல்லும் சுண்ணாம்பும் தாங்கி நிற்கும் இடைக்காட்டூர் திருஇருதய ஆலயம்

சிவகங்கை மாவட்டம் மானாமதுரை அருகே உள்ளது இடைக்காட்டூர். மதுரையில் இருந்து ராமேசுவரம் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 36 கிலோ மீட்டர் போய், உள்ளே திரும்ப வேண்டும். வயல், கண்மாய், கருவேல மரம் என்று சாதாரண வைகை கரை கிராமம்தான். ஆனால் ஊருக்குள் நுழைந்ததும் கண் முன்னால் எழுந்து நிற்கும் கட்டிடம் நம் ஊர் கட்டிடம் போலவே இருக்காது. கூர் கூராக மேலே போகும் சிகரங்கள், கைகூப்பியது போன்ற வளைவுகள், உள்ளே அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் உயரத்தில் விட்டம் இல்லாத கூரை. பிரான்ஸ் நாட்டு படத்தில் பார்த்த கோவில் இங்கே எப்படி வந்தது என்று யாருக்கும் கேட்க தோன்றும்.

இதுதான் இடைக்காட்டூர் திருஇருதய ஆண்டவர் ஆலயம். 1894-ம் ஆண்டு கட்டப்பட்டது. வயது 130-ஐ தாண்டி விட்டது. பிரான்சில் உள்ள ரீம்ஸ் பேராலயத்தின் மாதிரி என்று சொல்லப்படுவதால் வெளியூரில் இருந்தும் ஆட்கள் தேடி வந்து பார்க்கிறார்கள்.

வந்தவர்கள் பெரும்பாலும் கும்பிட்டு விட்டு, போட்டோ எடுத்துக் கொண்டு கிளம்பி விடுகிறார்கள். ஆனால் கட்டிடத்தை கொஞ்சம் உற்று பார்த்தால் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. ரீம்ஸ் கோவில் முழுக்க முழுக்க கல். இடைக்காட்டூர் கோவிலோ செங்கல். கல்லில் செதுக்கி செய்ய வேண்டிய வேலையை மண்ணில் வார்த்து, சூளையில் சுட்டு, சுண்ணாம்பில் ஒட்டி செய்திருக்கிறார்கள். இந்த ரகசியம் தெரிந்தால்தான் கோவிலின் அருமை புரியும். இனி அதை எப்படி காப்பாற்ற வேண்டும் என்பதும் புரியும்.

சித்தர் பெயர் சொல்லும் ஊர்

இடைக்காட்டூர் என்றதும் கிறிஸ்தவர்கள் அல்லாதவர்களுக்கு நினைவுக்கு வருவது இடைக்காடர். பதினெண் சித்தர்களில் ஒருவரான இவரது ஊர் என்றே இந்த கிராமம் அறியப்படுகிறது. மதுரை சொக்கநாதரின் திருவிளையாடல்களில் இடைக்காடன் பிணக்கு தீர்த்த கதையும் உண்டு. பழமையான சிவன் கோவிலும் இங்கே இருக்கிறது. ஆக, பிரான்ஸ் நாட்டு பாதிரியார்கள் வருவதற்கு பல நூறு ஆண்டுகள் முன்பே இந்த ஊருக்கு பெயர் இருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் பிரான்ஸ்காரர்களுக்கு என்ன வேலை?

பிரான்ஸ் பாதிரியார்கள் வந்த கதை

மதுரை சீமையில் கத்தோலிக்க மதம் பரவியது நேற்று இன்று நடந்தது அல்ல. 1606-ம் ஆண்டு இத்தாலியை சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, சைவ உணவு சாப்பிட்டு, தமிழ் கற்று பிரசாரம் செய்தார். அவருக்கு பிறகு போர்த்துக்கல் நாட்டு அருளானந்தர் மறவர் சீமையில் ஊர் ஊராக சுற்றினார். 1693-ம் ஆண்டு பிப்ரவரி 4-ந் தேதி ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. 1947-ல் அவருக்கு புனிதர் பட்டம் கிடைத்தது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரும் இதே மதுரை மிஷனில் வேலை பார்த்தவர்தான். இவர்கள் எல்லோரும் சேசு சபை பாதிரியார்கள்.

நடுவில் ஒரு பெரிய தடை வந்தது. 1773-ம் ஆண்டு போப் ஆண்டவரே சேசு சபையை கலைத்து விட்டார். 1814-ல்தான் சபைக்கு மீண்டும் உயிர் வந்தது. அதன் பிறகு 1830-களின் கடைசியில் மதுரை மிஷனுக்கு திரும்ப வந்தவர்கள் பிரான்ஸ் நாட்டு சேசு சபையினர். வெயில், காலரா, கட்டை வண்டி பயணம் என்று ஆரம்ப வருடங்களிலேயே பலர் உயிரை விட்டார்கள். ஆனாலும் ஆட்கள் வந்து கொண்டே இருந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் பெர்டினாண்டு செல் அடிகளார். இடைக்காட்டூர் கோவிலை கட்டியவர் இவர்தான்.

அப்போது சிவகங்கை என்ற மாவட்டமே கிடையாது. ஜமீன் காலம். மறைமாவட்ட கணக்கில் இந்த பகுதி திருச்சியின் கீழ் இருந்தது. 1938-ல் மதுரை தனி மறைமாவட்டம் ஆனது. 1987-ல் அதில் இருந்து சிவகங்கை மறைமாவட்டம் பிரிக்கப்பட்டது. இன்று இடைக்காட்டூர் இருப்பது சிவகங்கை மறைமாவட்டத்தில்.

72 பவுன் காணிக்கை

கோவில் கட்ட பணம் எங்கிருந்து வந்தது? இதற்கு ஒரு கதையை ஆலய வரலாறு சொல்கிறது.

பிரான்ஸ் நாட்டில் மரிய அன்னா என்ற பெண் நோயில் படுத்தார். இயேசுவின் திருஇருதயத்தை வேண்டிக் கொண்டார். நோய் குணமானது. அதற்கு நன்றியாக 2 ஆயிரம் பிராங்க் காணிக்கை கொடுத்தார். அந்த பணத்தை கொண்டு இடைக்காட்டூரில் திருஇருதய ஆண்டவருக்கு கோவில் எழும்பியது என்பதுதான் அந்த வரலாறு.

அந்த காலத்தில் பிராங்க் என்பது தங்க கணக்கு. 20 பிராங்க் தங்க காசு ஒன்றில் சுமார் 5.8 கிராம் சுத்த தங்கம் இருந்தது. அப்படி பார்த்தால் 2 ஆயிரம் பிராங்க் என்பது 100 காசு, அதாவது சுமார் 580 கிராம் தங்கம். நம் ஊர் கணக்கில் 72 பவுனுக்கு கொஞ்சம் மேல்! நகைக்கடை பலகையில் எழுதியிருக்கும் இன்றைய விலையால் பெருக்கி பார்த்து கொள்ள வேண்டியதுதான்.

திருஇருதயத்துக்கு ஏன் அந்த பெண் நேர்ந்து கொண்டார் என்பதற்கும் காரணம் இருக்கிறது. இயேசுவின் திருஇருதய பக்தி பரவியதே பிரான்சில்தான். 1670-களில் பாரே லெ மோனியல் என்ற ஊரில் மார்கரெட் மேரி என்ற கன்னியாஸ்திரிக்கு கிடைத்த காட்சிகளில் இருந்து அது பரவியது. 1856-ல் அந்த திருநாளை உலகம் முழுக்க கொண்டாட 9-ம் பயஸ் போப் ஆண்டவர் உத்தரவு போட்டார். 1870-71 போரில் ஜெர்மனியிடம் பிரான்ஸ் தோற்ற பிறகு அந்த பக்தி அங்கே இன்னும் வேகம் பிடித்தது. பாரீஸ் நகரின் உச்சி குன்றில் திருஇருதய கோவிலுக்கு 1875-ல் அடிக்கல் நாட்டினார்கள். அந்த பக்தியை ஊர் ஊராக பரப்பியதில் சேசு சபையினருக்கு பெரிய பங்கு உண்டு. ஆக, பிரான்சில் பொங்கிய அலை ஒன்று கப்பல் ஏறி வைகை கரை வரை வந்தது என்று சொல்லலாம். கோவிலில் உள்ள திருஇருதய ஆண்டவர் சொரூபம் பிரான்சில் இருந்து கொண்டு வரப்பட்டதாக ஆலய வரலாறு கூறுகிறது.

இன்னொரு விஷயம். மதுரையில் இருந்து மானாமதுரை வழியாக மண்டபத்துக்கு ரெயில் பாதை வந்ததே 1902-ல்தான். கோவில் கட்டும்போது இந்த பக்கம் ரெயில் கிடையாது. சாமான் எது வந்தாலும் மாட்டு வண்டியில்தான் வந்தாக வேண்டும்.

ரீம்ஸ் கோவில் எப்படிப்பட்டது?

பிரான்சின் வடகிழக்கில் உள்ள நகரம் ரீம்ஸ். அங்குள்ள மாதா பேராலயம்தான் பிரான்ஸ் மன்னர்கள் முடிசூடிய இடம். வேலை தொடங்கியது 1211-ம் ஆண்டு. ஜோன் ஆப் ஆர்க் என்ற வீரப்பெண் 1429-ல் 7-ம் சார்லசை அழைத்து வந்து முடிசூட வைத்ததும் இங்கேதான். கடைசியாக 1825-ல் 10-ம் சார்லஸ் முடிசூடினார். 1991-ல் யுனெஸ்கோ இதை உலக பாரம்பரிய சின்னமாக அறிவித்தது.

நீளம் சுமார் 149 மீட்டர். முன்பக்க இரட்டை கோபுரங்களின் உயரம் 81 மீட்டர். உள்ளே தரையில் இருந்து கூரை 38 மீட்டர், அதாவது இன்றைய 12 மாடி கட்டிடம் அளவு. 2 ஆயிரத்து 300-க்கு மேல் சிலைகள். இதில் சிரிக்கும் தேவதூதர் சிலை உலக பிரசித்தம்.

அப்படியானால் இடைக்காட்டூர் அதன் அச்சு அசலா? பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் நேர்மையாக பார்த்தால், அது அச்சு அசல் அல்ல. 81 மீட்டர் இரட்டை கோபுரம் இங்கே இல்லை. ஆயிரக்கணக்கான சிலைகள் இல்லை. அளவும் ரொம்ப சின்னது. ரீம்சின் பாணியை எடுத்து, ஒரு கிராமத்துக்கு தகுந்த அளவில், கிராமத்தில் கிடைத்த பொருளில் கட்டியிருக்கிறார்கள் என்பதே சரி. இதனால் கோவிலின் பெருமை குறையாது. சொல்லப்போனால் கூடத்தான் செய்யும். கல்லில் இருந்ததை கல்லிலேயே திருப்பி செய்வது ஒன்றும் பெரிய காரியம் அல்ல. கல்லில் இருந்ததை செங்கல்லில் செய்து காட்டுவதுதான் வித்தை.

கோதிக் என்றால் என்ன?

இந்த கட்டிட பாணிக்கு பெயர் கோதிக். 12-ம் நூற்றாண்டில் பிரான்சில் பிறந்தது. பாரீஸ் அருகே செயிண்ட் டெனிஸ் மடத்து கோவிலில் 1144-ல் முடிந்த பகுதியைத்தான் இதன் தொடக்கம் என்கிறார்கள். கோதிக் என்ற பெயரே ஒரு வசவு! ரோமாபுரியை சூறையாடிய காட்டுமிராண்டி கூட்டம் கோத் இனத்தவர். நம் ரோமானிய அழகை கெடுத்த பாணி இது என்று கிண்டல் செய்து இத்தாலிக்காரர்கள் வைத்த பெயர் அப்படியே நிலைத்து விட்டது.

இந்த பாணியின் உயிர் மூன்று விஷயங்களில் இருக்கிறது.

ஒன்று, கூர் வளைவு. வணக்கம் சொல்வது போல இரண்டு கையையும் கூப்புங்கள். விரல் நுனி மட்டும் ஒட்டியிருக்க, உள்ளங்கைகளை விலக்குங்கள். அதுதான் கோதிக் வளைவு. அரை வட்ட வளைவு மேல் பாரம் ஏறினால் அது இரண்டு பக்கமும் சுவரை பலமாக தள்ளும். கூர் வளைவோ பாரத்தை பெரும்பாலும் கீழ் நோக்கி இறக்கி விடும். அதனால் சுவரை உயர்த்தலாம், பெரிய ஜன்னல் வைக்கலாம், வெளிச்சம் கொண்டு வரலாம்.

இரண்டு, விலா எலும்பு கூரை. நம் நெஞ்சுக்கூடு போல, கூரையின் அடியில் வளைவுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். இந்த விலாக்கள் பாரத்தை பொறுக்கி கொண்டு போய் தூண்களில் இறக்கி விடும். கட்டும்போதும் இது வசதி. முதலில் விலாவை மட்டும் சாரம் போட்டு கட்டி விட்டு, இடையில் உள்ள இடத்தை மெல்லிசாக மூடினால் போதும்.

மூன்று, உதைசுவர். கையை கூப்பியபடி விலக்கியபோது முழங்கை வெளியே போக பார்த்ததா? அதை வெளியில் இருந்து ஒருவர் பிடித்து கொண்டால் எப்படியோ, அப்படித்தான் உதைசுவர் வேலை செய்கிறது. சுவருக்கு வெளியே முட்டு கொடுத்து நிற்கும். அதன் தலையில் இருக்கும் ஊசி போன்ற சிகரத்தை பார்த்து, வெறும் அழகுக்கு வைத்தது என்று நினைக்க வேண்டாம். அந்த எடை மேலே இருந்து அமுக்குவதால்தான் உதைசுவர் பக்கவாட்டில் நகராமல் நிற்கிறது.

ஐரோப்பாவில் 16-ம் நூற்றாண்டோடு இந்த பாணி மங்கி போனது. பிறகு 18-ம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி 19-ம் நூற்றாண்டு முழுக்க மறுபடி உயிர் பெற்றது. லண்டன் பாராளுமன்ற கட்டிடம், 1888-ல் முடிந்த மும்பை விக்டோரியா ரெயில் நிலையம் எல்லாம் இந்த மறுபிறப்பில் வந்தவை. தமிழ்நாட்டிலும் அப்போது கோதிக் அலை அடித்தது. சென்னை சாந்தோம் பேராலயத்தின் இப்போதைய கட்டிடம் 1896-ல் முடிந்தது. புதுச்சேரி திருஇருதய ஆலயம் 1907-ல் அர்ச்சிக்கப்பட்டது. திருச்சி லூர்து மாதா ஆலயமும் அதே காலத்தை சேர்ந்ததே. இவை எல்லாம் ஊர் பெரிய ஊர். துறைமுகம், ரெயில், பணக்கார பங்கு மக்கள் என்று வசதி உள்ள இடங்கள். இடைக்காட்டூரோ அப்போது குக்கிராமம். அங்கே போய் இப்படி ஒன்றை எழுப்பியதுதான் வித்தியாசம்.

200 வகை செங்கல்

வைகை கரையில் வண்டல் மண் உண்டு, களிமண் உண்டு. செதுக்க தோதான நல்ல கல்தான் இல்லை. ஆனால் மண்ணை சுட்டு பிழைக்க தெரிந்தவர்கள் இந்த பக்கத்து மக்கள். பக்கத்தில் உள்ள மானாமதுரை, கச்சேரியில் வாசிக்கும் கடத்துக்கு பெயர் போன ஊர். கொஞ்சம் மேலே போனால் கீழடி. அங்கே தோண்டியதில் கிடைத்த செங்கல் கட்டுமானங்களை உலகமே பார்த்தது. கீழடி நாகரிகம் கி.மு. 6-ம் நூற்றாண்டு வரை போகிறது என்று தமிழக தொல்லியல் துறை 2019-ல் அறிவித்தது. மதுரையில் 1636-ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலின் பிரமாண்ட வளைவுகளும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். ஆகவே வளைவு கட்டுவது இந்த வட்டாரத்துக்கு புதிது இல்லை. கோதிக் வளைவுதான் புதிது.

சாதாரண வீட்டுக்கு ஒரே அளவு செங்கல் போதும். கோதிக் கோவிலுக்கு அது ஒத்து வராது. ஒரு தூணை எடுத்து கொள்வோம். அது வெறும் உருளை அல்ல. நாலு மெல்லிய தூண்களை சேர்த்து கட்டியது போல இருக்கும். ஒரு இடத்தில் குழிவு, ஒரு இடத்தில் புடைப்பு, ஒரு இடத்தில் விளிம்பு. கல்லாக இருந்தால் சிற்பி செதுக்கி விடுவார். சுட்ட செங்கல்லை அப்படி செதுக்கினால் மேல் தோல் போய் விடும், மழையில் கரையும். அதனால் சுடுவதற்கு முன்பே ஒவ்வொரு வடிவத்துக்கும் தனி அச்சு செய்து, பச்சை மண்ணை அதில் அடித்து எடுக்க வேண்டும்.

இடைக்காட்டூர் கோவிலுக்கு இப்படி சுமார் 200 வகை அச்சு செங்கல்களும் ஓடுகளும் பயன்படுத்தப்பட்டதாக ஆலய வரலாறு சொல்கிறது.

இதில் இருக்கும் கஷ்டம் செங்கல் சூளை வைத்திருப்பவர்களுக்கு தெரியும். பச்சை மண் காய்ந்தால் சுருங்கும். சூளையில் வெந்தால் இன்னும் சுருங்கும். அந்த சுருக்கத்தை கணக்கு போட்டு அச்சை பெரிதாக செய்ய வேண்டும். கணக்கு தப்பினால் வளைவில் கல் சேராது. சூளையில் தீ ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்தால் பாதி கல் கோணி போகும், பாதி கல் வேகாமல் நிற்கும். நல்லதை பொறுக்கி, எந்த கல் எந்த வரிசைக்கு என்று பிரித்து, சாரத்தில் ஏற்றி, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் இல்லை, கிரேன் இல்லை, கரண்ட் இல்லை!

பிளான் போட்டு கொடுத்த பாதிரியார் பெயர் வரலாற்றில் இருக்கிறது. பணம் கொடுத்த பெண்ணின் பெயரும் இருக்கிறது. மண் மிதித்தவர், சூளையில் விறகு தள்ளியவர், சாரத்தில் நின்று கரண்டி பிடித்த கொத்தனார், சாந்து சுமந்த சித்தாள் பெயர் எங்கும் இல்லை. அவர்கள் விட்டு போன கையெழுத்து சுவரில் இருக்கும் செங்கல்தான்.

சுண்ணாம்பு செய்த வேலை

இந்த கோவில் கட்டும்போது இந்தியாவில் சிமெண்ட் தயாராகவில்லை. இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்க முதல் முயற்சி சென்னையில் 1904-ல் நடந்தது. அது ஓடவில்லை. 1914-ல் குஜராத் போர்பந்தரில் தொடங்கிய தொழிற்சாலைதான் நிலைத்தது. 1894-ல் கோவிலே முடிந்து விட்டது. ஆக, ஒட்டியது எல்லாம் சுண்ணாம்பு.

சுண்ணாம்பு கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, தண்ணீர் ஊற்றி நீற்றி, மணல் சேர்த்து அரைப்பார்கள். நம் ஊர் பழைய கட்டிடங்களில் கடுக்காய் ஊறல், வெல்லம் அல்லது கருப்பட்டி தண்ணீர் சேர்ப்பதும், பூச்சுக்கு முட்டை வெள்ளைக்கரு சேர்ப்பதும் வழக்கம். செட்டிநாட்டு வீடுகளின் கண்ணாடி போன்ற சுவர் இதற்கு சாட்சி.

சுண்ணாம்பு சிமெண்ட் போல மறுநாளே இறுகாது. காற்றில் உள்ள கரியமில வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சி, வருடக்கணக்கில் திரும்ப கல்லாக மாறும். அது வரை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். கட்டிடம் லேசாக இறங்கினாலும், வெயிலில் விரிந்து பனியில் சுருங்கினாலும் சுண்ணாம்பு சமாளித்து விடும். முக்கியமாக, அது மூச்சு விடும். மழையில் சுவர் ஈரம் குடித்தாலும் அடுத்த வெயிலில் ஈரம் வெளியே போய் விடும்.

தடித்த சுவர், உயர்ந்த கூரை, மூச்சு விடும் சுண்ணாம்பு. மானாமதுரை பக்கத்து சித்திரை வெயிலை சொல்ல வேண்டியது இல்லை. இப்படிப்பட்ட பழைய கட்டிடத்துக்குள் காலை வைத்ததும் 'அப்பாடா' என்று இருப்பதற்கு இந்த மூன்றும்தான் காரணம். சூடான காற்று மேலே ஏறி விடும், ஆட்கள் உட்காரும் இடம் தணிவாக இருக்கும்.

மூலம் எரிந்தது... மாதிரி நின்றது!

இடைக்காட்டூர் கோவில் கட்டி சரியாக 20 வருடத்தில் முதல் உலக போர் வந்தது. 1914 செப்டம்பரில் ஜெர்மன் படை ரீம்ஸ் நகரத்தின் மீது குண்டு மழை பொழிந்தது. பழுது பார்க்க பேராலயத்தில் கட்டியிருந்த மர சாரத்தில் தீ பிடித்தது. கூரையின் மரங்கள் எரிந்தன. மேலே போர்த்தியிருந்த ஈயம் உருகி, மழை நீர் வழியும் கல் வாய்கள் வழியாக ஒழுகியது. சிரிக்கும் தேவதூதரின் தலை உடைந்து விழுந்தது. போர் முடியும் வரை குண்டுகள் விழுந்து கொண்டே இருந்தன.

அந்த நேரத்தில், மூல கோவில் சிதைந்து கிடந்தபோது, அதை பார்த்து கட்டிய கோவில் வைகை கரையில் ஒரு கீறல் இல்லாத தூரத்தில் நின்று கொண்டிருந்தது என்பது ஆச்சரியமான விஷயம்.

ரீம்சை திருப்பி எழுப்ப சுமார் 20 வருடம் ஆனது. அமெரிக்க கோடீசுவரர் ராக்பெல்லர் பெரிய தொகை கொடுத்தார். கட்டிடக்கலை நிபுணர் ஹென்றி டெனோ எரிந்து போன மர கூரைக்கு பதிலாக, சின்ன சின்ன கான்கிரீட் துண்டுகளை கோர்த்து புது கூரை அமைத்தார். ஆனால் கண்ணுக்கு தெரியும் கல் வேலையை கல்லிலேயே சரி செய்தார்கள். 1938-ல் கோவில் திறக்கப்பட்டது. பாரீஸ் நோத்ரு தாம் பேராலயத்திலும் இதுவே நடந்தது. 2019-ல் எரிந்தது, 2024 டிசம்பரில் திறந்தது. அங்கே கூரையை பழையபடி மரத்திலேயே செய்தார்கள்.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பழைய கோவிலை சரி செய்வது என்றால், அது எதனால் ஆனது என்று முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

குண்டை விட ஆபத்து எது?

இடைக்காட்டூர் பக்கம் குண்டு எதுவும் விழ போவதில்லை. ஆனால் செங்கல், சுண்ணாம்பு கட்டிடங்களுக்கு வேறு எதிரிகள் இருக்கிறார்கள். அவர்களில் முக்கியமானவர் சிமெண்ட். கேட்க வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் உண்மை.

பழைய சுவரில் காரை பெயர்ந்தால், உடனே சிமெண்ட் கலவையை அப்பி விடுவது எங்கும் நடக்கிறது. பார்க்க பளிச்சென்று இருக்கும். சிமெண்ட் கெட்டியானது, மூச்சு விடாது. சுவருக்குள் ஏறிய ஈரம் வெளியே போக வழி இல்லாமல் உள்ளேயே தங்கும். ஈரத்தோடு சேர்ந்த உப்பு செங்கல்லுக்குள் பூக்கும். சில வருடத்தில் சிமெண்ட் பூச்சு பாளம் பாளமாக பெயரும். கூடவே செங்கல்லின் முகத்தையும் பிய்த்து கொண்டு வரும். உள்ளே தொட்டால் மாவு மாதிரி கொட்டும். அது 200 வகை அச்சு செங்கல்லில் ஒன்றாக இருந்தால், கடையில் போய் வாங்க முடியாது. அச்சும் இல்லை, அச்சு செய்த ஆளும் இல்லை.

பிளாஸ்டிக் கலந்த பெயிண்டும் அப்படியே. மாறாக சுண்ணாம்பு வெள்ளை அடித்தால் சுவர் மூச்சு விடும். அடிக்கடி அடிக்க வேண்டியிருக்கும் என்பதுதான் சிரமம்.

அடுத்து தண்ணீர். கூரை மேல் காகம் எச்சமிட்டு முளைக்கும் அரசு, ஆல் செடி சின்னதாக இருக்கும்போதே பிடுங்கா விட்டால், வேர் வளைவின் இடுக்கில் புகுந்து கல்லை நகர்த்தி விடும். கோதிக் கட்டிடத்தில் ஒரு கல் நகர்ந்தால் பாரம் தடம் மாறும். சுவரை ஒட்டி தரையை உயர்த்தி சிமெண்ட் தளம் போட்டாலும் ஈரம் சுவருக்குள்தான் ஏறும். கோவிலில் மைக் செட், விளக்கு, மின்விசிறி மாட்ட தூணில் துளை போடுவதும் இதே கணக்குதான்.

தமிழ்நாட்டில் எத்தனையோ ஊர்களில் இடம் போதவில்லை, பழசாகி விட்டது என்று நூறு வருட கோவில்களை இடித்து விட்டு கான்கிரீட்டில் புதிது கட்டியிருக்கிறார்கள். பங்கு மக்கள் பெருகும்போது இடம் வேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் இடித்தால் போனது போனதுதான். தேவாலயங்களை பழுது பார்க்க தமிழக அரசு நிதி உதவி வழங்கும் திட்டம் இருக்கிறது. பணம் கிடைத்தாலும் சுண்ணாம்பு அரைக்கவும், வளைவு கட்டவும் தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் கஷ்டமாகி வருகிறது. செட்டிநாட்டிலும் மதுரை பக்கத்திலும் இன்னும் மிஞ்சியிருக்கும் அப்படிப்பட்ட கைகளை வைத்து இளைஞர்களுக்கு பழக்கினால் கோவில், பள்ளிவாசல், தேவாலயம், அரண்மனை என்று எல்லா பழைய கட்டிடங்களும் பிழைக்கும்.

போனால் என்ன பார்க்க வேண்டும்?

திருஇருதய ஆண்டவர் பெருவிழா, பெந்தகோஸ்தே திருநாள் முடிந்து 19-வது நாள் வெள்ளிக்கிழமை வரும். பெரும்பாலும் ஜூன் மாதம். மாத முதல் வெள்ளிக்கிழமையும் திருஇருதய பக்திக்கு உரிய நாள். கட்டிடத்தை நிதானமாக பார்க்க நினைப்பவர்கள் கூட்டம் இல்லாத நாளில், காலை வெயில் ஜன்னல் வழியாக உள்ளே விழும் நேரம் போவது நல்லது.

மதுரையில் இருந்து மானாமதுரை செல்லும் சாலையில் முத்தனேந்தல் வழியாக இடைக்காட்டூர் போகலாம். கீழடி அருங்காட்சியகமும் இதே வழியில் இருப்பதால் ஒரே நாளில் இரண்டையும் பார்த்து விடலாம். இரண்டாயிரம் வருடத்துக்கு மேற்பட்ட செங்கல்லை காலையில் பார்த்து விட்டு, 130 வருட செங்கல்லை மதியம் பார்க்கலாம். இரண்டுமே இதே வைகை கரை மண்.

உள்ளே போனதும் முதலில் ஒரு தூணை அடியில் இருந்து நுனி வரை கண்ணால் தொடர்ந்து பாருங்கள். தூண் எங்கே முடிகிறது, விலா எங்கே தொடங்குகிறது என்று சட்டென்று சொல்ல முடியாது. பிறகு வெளியே வந்து, அந்த விலாவுக்கு நேராக சுவரில் உதைசுவர் நிற்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருக்கும் பாரத்தை வெளியே யார் தாங்குகிறார்கள் என்று புரிந்து விடும். குழந்தைகளை அழைத்து போனால் கையை கூப்பி காட்டி சொல்லி கொடுங்கள். சுவரில் பெயர் கிறுக்க மட்டும் விடாதீர்கள். அந்த செங்கல்லுக்கு மாற்று செங்கல் கிடையாது.